லூர்துராணி டீச்சர் கேட்ட வெள்ளிக்கிழமை

1927 ஜூன் 6: பள்ளிக்கூடம் திறப்பு. கட்டட வாடகை, மாதம் ரூ. 11.
1927 ஜூன் 6: தலைமை ஆசிரியை லூர்துராணி. சம்பளம் ரூ. 32.
1927 ஜூலை 1: ஆயா ஷரீபா. சம்பளம் ரூ. 6. கூண்டு வண்டிக்கு ரூ. 9.
1934 மார்ச் 31: சர்க்கார் மானியம், அந்த ஆண்டுக்கு ரூ. 438.
1934 ஜூன் 4: சுற்றறிக்கை அமல். செலவு இல்லை.
1934 ஜூலை 27: இன்ஸ்பெக்ட்ரஸ் வருகை. ஜட்கா வாடகை 6 அணா.
1934 ஜூலை 29: இன்ஸ்பெக்ட்ரஸ் மறு வருகை. ஜட்கா வாடகை இல்லை.

திருச்சியில் தர்காவுக்குப் பின்னால் போகும் சந்தில், முன்பு தோல் மண்டியாக இருந்த ஓட்டுக் கட்டடத்தில் அந்தப் பள்ளிக்கூடம் நடந்தது. முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கான ஆரம்பப் பள்ளி. ஐந்து வகுப்புகள், மூன்று ஆசிரியைகள். மழை பெய்தால் மட்டும் சுவரிலிருந்து பழைய தோல் வாடை கிளம்பும். அன்று பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டே வாய்ப்பாடு சொல்வார்கள்.

நகரத்துப் பள்ளிகளை நடத்திய கமிட்டி, இதற்குத் தலைமை ஆசிரியையாக ஒரு முஸ்லிம் பெண்ணையே போட நினைத்தது. டிரெயினிங் முடித்தவர் யாரும் அப்போது அகப்படவில்லை. அகப்பட்டவர் பாலக்கரை லூர்துராணி. வயது முப்பத்தொன்று, கல்யாணம் ஆகாதவர், கன்னியாஸ்திரீகளிடம் படித்தவர், அதற்கு முன் ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் எட்டு ஆண்டு வேலை பார்த்தவர்.

ஸ்ரீரங்கத்தில் அவர் ஒன்றைக் கவனித்திருந்தார். மார்கழியில் ஏகாதசித் திருநாள் வந்துவிட்டால் வகுப்பில் அவரும் கரும்பலகையும்தான் இருப்பார்கள். பெருமாள் புறப்பாடு இருக்கும்போது பெருக்கல் கணக்குக்கு யார் வருவார்? அங்கிருந்த தலைமை ஆசிரியை யாரையும் கேட்காமல் அந்த நாட்களில் மட்டும் பள்ளியை விடியற்காலையிலேயே தொடங்கி, புறப்பாட்டுக்கு முன் முடித்துவிடுவார். பிள்ளைகள் ஈரத்தலையும் பொங்கல் வாசனையுமாக வந்து உட்காருவார்கள். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு, அதைத் தெரிந்துகொள்ளாமல் பள்ளிக்கூடம் நடத்த முடியாது என்பது லூர்துராணிக்கு அங்கே பிடிபட்டது.

ஆகவே தர்கா சந்துக்கு வந்ததும் முதல் மாதம் வீடு வீடாகப் போனார். தாய்மார்களைக் கேட்டு மூன்று விஷயங்களைத் தாமே முடிவு செய்தார். வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை பள்ளி உண்டு. பள்ளி ஒன்பது மணிக்கே தொடங்கும். முதல் பாடம் கணக்கு. கடைசி முடிவுக்குக் காரணம், பத்து வயதுப் பெண்ணை வீட்டில் எந்த நிமிஷம் கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது. கூப்பிடுவதற்குள் கணக்கு முடிந்திருக்க வேண்டும்.

கமிட்டி அப்போது எதையும் கேட்கவில்லை. அவரும் எதையும் சொல்லவில்லை. ஏழு ஆண்டுகள் இப்படியே நன்றாக ஓடின.

ஞாயிற்றுக்கிழமைகளில் லூர்துராணி விடியற்காலை முதல் பூசை பார்த்துவிட்டு, முக்காட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேரே பள்ளிக்கு நடந்துவிடுவார். பங்குச் சாமியாருக்கு இது பிடிக்கவில்லை. ஒருநாள் கோயில் வாசலில் நிறுத்திக் கேட்டார்.

"லூர்து, ஆண்டவருடைய நாளில் வேலை செய்கிறாயே, உறுத்தவில்லையா?"

"சாமி, நீங்களும் இன்னிக்குத்தான் ரொம்ப வேலை செய்யறீங்க."

சாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு அந்தக் கேள்வி முடிந்தது.

வீட்டில்தான் முடியவில்லை. அண்ணன் சூசை பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் பிட்டர். அவருக்கு ஞாயிறு ஒருநாள்தான் வீடு. அன்றுதான் ஆட்டுக்கறி. தங்கை சாயங்காலம் வரும்போது குழம்பு ஆறி, மேலே கொழுப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். "உன் பங்குல எப்பவும் பனி பெய்யுது" என்பார் சூசை.

1934 ஜூனில் சுற்றறிக்கை வந்தது. கமிட்டியின் எல்லாப் பள்ளிகளும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். வார விடுமுறை ஞாயிறு. பள்ளி நேரம் பத்து முதல் நாலு. முதல் பாடம் எழுத்து. தலைமை ஆசிரியர்கள் தம் விருப்பப்படி நாளையோ நேரத்தையோ பாட வரிசையையோ மாற்றக் கூடாது. அத்துடன் ஒரு வரி: காலாண்டுச் சராசரி வருகை நாற்பதுக்குக் கீழே போகும் பெண்கள் பள்ளி மூடப்பட்டு, பீமநகர்ப் பள்ளியோடு சேர்க்கப்படும்.

பீமநகர் அப்படி ஒன்றும் தூரமில்லை. ஆனால் பெரிய சாலையைத் தாண்ட வேண்டும். சாலைக்கு இந்தப் பக்கம் வரைதான் அனுப்புவோம் என்பது அந்த வீடுகளின் கணக்கு. பள்ளி மூடினால் பிள்ளைகள் பீமநகர் போக மாட்டார்கள், வீட்டோடு நின்றுவிடுவார்கள். லூர்துராணிக்கு இதில் சந்தேகமே இல்லை.

கமிட்டியின் பள்ளி சூப்பர்வைசர் தர்மராஜ் சுற்றறிக்கையை நேரில் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனிதர், மேலே இருந்து வந்தது எதுவும் தப்பாக இருக்காது என்று நம்புகிறவர்.

"சார், வெள்ளிக்கிழமை பிள்ளைங்க வராதுங்க" என்றார் லூர்துராணி.

"ஏன் வராது? மத்த நாள் வர்ற காலு அன்னிக்கு எங்க போவுது?"

"காலு இருக்கு சார், வண்டி இருக்காது. வண்டிக்காரர் கலீல் பாய் வெள்ளிக்கிழமை மாடு பூட்ட மாட்டார். ஜும்மாத் தொழுகை. ஆம்பளைங்க எல்லாம் மதியம் வீட்டுக்குச் சாப்பிட வருவாங்க. அன்னிக்குத்தான் பொண்ணுங்களுக்குத் தலைக்கு ஊத்தறதும், சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறதும்."

"தொழுகைக்குக் கலீல் பாய் போகட்டும். மாடு எதுக்கு நிக்குது?"

"நானும் கேட்டேன். மாட்டுக்கும் அன்னிக்கு லீவுங்கறார்."

"மாடு லீவு எடுக்கலாம் டீச்சர். நீங்க லீவு விடக் கூடாது. அதுதான் ரூல்." தர்மராஜ் குடையை எடுத்துக்கொண்டார். "உங்களுக்கு நல்லதுதானே பண்ணியிருக்காங்க? ஞாயித்துக்கிழமை நிம்மதியா வீட்ல இருங்க."

முதல் ஞாயிறு அவர் வீட்டில் இருந்தார். ஏழு ஆண்டுக்குப் பிறகு சுடச்சுடக் கறிக்குழம்பு. ருசியாகவே இருந்தது, மறைப்பதற்கில்லை. ஆனால் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பள்ளிக்கு வந்தது நாலே பேர். அதில் ஒருத்தி தம்பியைத் தேடி வந்தவள்.

மூன்றாவது ஞாயிறு, சோற்றில் கை வைத்த நேரம். வாசலில் மாட்டு மணிச் சத்தம். சூசை எட்டிப் பார்த்துவிட்டு, "ராணி, உன் ஸ்கூலே நம்ம வாசல்ல நிக்குது" என்றார்.

கலீல் பாயின் கூண்டு வண்டிதான். திரை போட்ட கூண்டுக்குள் கசமுசவென்று பேச்சு. ஆயா ஷரீபா முன்னால் இறங்கி நின்றார். ஏழு ஆண்டுகளாக வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை எழுப்பி, தலை வாரி, வண்டியில் ஏற்றிக் கொண்டுவருகிறவர் அவர்.

"என்ன ஷரீபாம்மா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமையாச்சே?"

"ஞாயித்துக்கிழமைன்னுதானே வந்தோம்!" ஷரீபாவுக்கே வெட்கம். "இந்த மனுசன் பழக்கதோசத்துல காலையில மாட்டைப் பூட்டிட்டாரு. மணிச்சத்தம் கேட்டதும் பிள்ளைங்களும் ஏறிக்கிடுச்சு. ஸ்கூலுக்குப் போனா பூட்டு தொங்குது. எறங்குங்கடின்னா எறங்க மாட்டேங்குதுங்க. டீச்சரப் பாக்காம போமாட்டோம்னு ஒரே பிடிவாதம். மத்தியானம் வரைக்கும் கெஞ்சிப் பாத்துட்டு இங்க ஓட்டிக்கிட்டு வந்துட்டோம்."

"தப்பு எம்மேல இல்லம்மா" என்றார் கலீல் பாய் வண்டியிலிருந்தபடி. "மாடுதான் அந்தப் பக்கம் திரும்புச்சு."

லூர்துராணி கையைக் கழுவிக்கொண்டு சாவியை எடுத்தார். "மறுபடியும் பனிதானா?" என்று சூசை பின்னாலிருந்து கேட்டார்.

அன்று தொடங்கியது ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. வருகைக் கணக்கில் சேராது. தையல் வகுப்பு என்று பெயர். ஊசி நூல் எல்லார் கையிலும் இருந்தது. பாடம் பின்னக் கணக்கு. வெள்ளிக்கிழமைகளில் மற்ற இரு ஆசிரியைகளையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சட்டப்படி பள்ளியைத் திறந்து, காலி மணைகளின் எதிரே தனியாக உட்கார்ந்திருந்தார்.

நடுவே கடிதங்கள் போயின. வார விடுமுறையைத் தலைமை ஆசிரியை முடிவு செய்ய அனுமதி வேண்டும் என்று அவர் சூப்பர்வைசருக்கு எழுதினார். சூப்பர்வைசர் கமிட்டிக்கு அனுப்பினார். கமிட்டி, இது பெண்கள் பள்ளி என்பதால் இன்ஸ்பெக்ட்ரஸுக்கு அனுப்பியது. இன்ஸ்பெக்ட்ரஸ் ஆபீஸ், தலைமை ஆசிரியையின் கருத்தைக் கேட்டு எழுதவும் என்று கமிட்டிக்கே திருப்பியது. கமிட்டி அதைச் சூப்பர்வைசரிடம் தள்ளியது. தலைமை ஆசிரியைக்குத் தனியாகக் கருத்து இருக்கும் என்று தர்மராஜுக்குத் தோன்றவில்லை. "கருத்து எதுவும் இல்லை" என்று அவரே எழுதி அனுப்பிவிட்டார்.

இதைத் தெரிந்துகொண்டபோது லூர்துராணிக்குக் கோபத்தைவிடச் சிரிப்புத்தான் அதிகம் வந்தது. "சார், கேட்டவளே நான்தானே! எனக்குக் கருத்து இல்லாமலா கேட்டேன்?"

தர்மராஜ் தலையைச் சொறிந்தார். "அந்தக் கோணத்துல நான் பாக்கல டீச்சர்."

ஜூலைக் கடைசியில் இன்ஸ்பெக்ட்ரஸ் வருவதாகத் தகவல் வந்தது. ஜூலை 27, வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை ஸ்ரீரங்கத்துப் பள்ளி, ஞாயிறு மாலை ரயில். பெயர் மிஸ் எப்சிபாய், பாளையங்கோட்டைக்காரர். வகுப்பில் பிள்ளைகள் இல்லாவிட்டால் மூடச் சொல்லி அன்றே எழுதிவிடுவார் என்று பேச்சு.

தர்மராஜ் முதல்நாளே ஓடி வந்தார். "டீச்சர், ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. எப்பாடு பட்டாவது பிள்ளைங்களச் சேத்து உக்கார வெச்சிடுங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

தண்ணீர்ப் பானைக்கு மூடி போட்டுக்கொண்டிருந்த ஷரீபாவின் காதில் அது விழுந்துவிட்டது.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு லூர்துராணி கதவைத் திறந்து வெளியே பார்த்தால் சந்து முழுக்க ஜிகினா. பெருநாள் சட்டையும் பாவாடையுமாகப் பிள்ளைகள். கண்ணில் சுருமா, கையில் மருதாணி. வண்டி இரண்டு நடை அடித்திருந்தது. கலீல் பாய் வெள்ளிக்கிழமையில் மாடு பூட்டியிருந்தார். மாட்டின் முகத்தில் அது தெரிந்தது. கடைசி நடையில் நஜீமா என்ற தாய், தன் மகள்கள் மூவரோடும் தானே வண்டியில் வந்து இறங்கியிருந்தார்.

"எண்ணிப் பாருங்க டீச்சரம்மா" என்றார் ஷரீபா, மூச்சு வாங்கியபடி. "ஒண்ணு கொறையாது. மூணாவது வீட்டு வஹீதாவுக்கு லேசா காய்ச்சல். அதையும் தூக்கிட்டு வந்துட்டேன்."

லூர்துராணிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவர்களை உள்ளே உட்கார வைத்துவிட்டால் இன்று பள்ளி பிழைக்கும். இன்ஸ்பெக்ட்ரஸ் என்ன எழுதுவார்? வெள்ளிக்கிழமை வருகை நன்று, சுற்றறிக்கை சரி என்று எழுதுவார். அடுத்த வெள்ளி மறுபடியும் நாலு பேர். காலாண்டு முடிவில் சராசரி நாற்பதுக்குக் கீழே இறங்கி, பள்ளி எப்படியும் போகும். அப்போது கேட்பதற்கு வாயும் இருக்காது.

"எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார்.

"என்னது?"

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை. நீங்க வர்ற நாள் இல்ல."

ஷரீபாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ராத்திரியிலேருந்து வீடு வீடா ஏறி எறங்கி, கால்ல விழாத கொறையாக் கெஞ்சிக் கூட்டியாந்திருக்கேன். போங்கங்கிறீங்களே! ஸ்கூல மூடிட்டாங்கன்னா?"

"கெஞ்சிக் கூட்டியாந்தீங்க பாருங்க, அதுதான் ஷரீபாம்மா. வாராவாரம் கெஞ்ச முடியுமா? இவங்க இன்னிக்கு எனக்காக வந்திருக்காங்க, படிக்க வரல. வர்ற அம்மா நெஜமான வெள்ளிக்கிழமையைப் பாக்கட்டும்."

நஜீமா முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "டீச்சரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்கும் அடுப்புல சோறு கெடக்கு" என்று மகள்களைக் கூட்டிக்கொண்டு ஏறினார்.

முதல் நடை வண்டி கிளம்பியது. சந்தின் முனைகூடப் போகவில்லை. எதிரே ஒரு ஜட்கா நுழைந்துவிட்டது. அகலம் குறைந்த சந்து. மாடும் குதிரையும் முகத்தோடு முகம் பார்த்து நின்றன.

"பின்னால தள்ளு பாய்!" என்று ஜட்காக்காரர் கத்தினார். "ஆடி வெள்ளி. திருவானைக்கோயில் சவாரி காத்துக்கிட்டிருக்கு. ஆறணாவுக்கு வந்து மாட்டிக்கிட்டேன்!"

"உன் குதிரையைத் தள்ளு. என் மாடு இன்னிக்கு வேலையிலயே இல்ல" என்றார் கலீல் பாய்.

ஜட்காவிலிருந்து கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் தலையை நீட்டினார். கூண்டு வண்டியின் திரை இடுக்கில் காய்ச்சல்காரி வஹீதாவின் முகம் தெரிந்தது.

"எங்கே போகிறீர்கள், பாப்பா? பள்ளிக்கூடம் அந்தப் பக்கம் அல்லவா?"

"டீச்சர் வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. வெள்ளிக்கிழமை நாங்க வர மாட்டோம். இன்னிக்கு இன்ஸ்பெக்ட்ரஸ் வர்றாங்கன்னுதான் வந்தோம்."

கூண்டுக்குள்ளிருந்து யாரோ அவளைக் கிள்ளினார்கள். பள்ளி வாசலில் நின்ற லூர்துராணிக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. குடையோடு ஜட்காவின் பின்னால் ஓடி வந்த தர்மராஜுக்கும் கேட்டது. அவர் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். வெயிலே இல்லை.

மிஸ் எப்சிபாய் இறங்கி நடந்து வந்தார். உள்ளே போனார். காலி மணைகளைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினது நீங்களா?"

"ஆமாங்கம்மா."

"அனுப்ப உங்களுக்கு அதிகாரம் உண்டா?"

"இல்லீங்கம்மா. அதத்தான் ஜூன்லேருந்து கேட்டுக்கிட்டிருக்கேன்."

"உங்களுக்குக் கருத்து எதுவும் இல்லை என்று எனக்குக் கடிதம் வந்ததே?"

தர்மராஜ் இருமினார். லூர்துராணி அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. "இருக்குதுங்கம்மா. நேர்ல சொல்றேன்" என்று தொடங்கி, தெருவின் பஞ்சாங்கத்தை ஒன்று விடாமல் சொன்னார். வண்டி, ஜும்மா, தலைக்குக் குளியல், பெரிய சாலை. இன்று அவர்களை உட்கார வைத்திருந்தால் அது பொய் வருகை என்பதையும் சொன்னார்.

"நீங்கள் கத்தோலிக்கர்தானே? ஞாயிறு விடுமுறை உங்களுக்குச் சௌகரியம். அதைவிட்டு வெள்ளியைக் கேட்கிறீர்கள். உங்களுக்கு இதில் என்ன லாபம்?"

"நஷ்டந்தாங்கம்மா. ஞாயித்துக்கிழமை எங்க வீட்ல ஆட்டுக்கறி."

மிஸ் எப்சிபாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்குவதற்குத்தான் துடைத்தார் என்று தர்மராஜ் பிற்பாடு பலரிடம் சொன்னதுண்டு.

"ஞாயிறு காலை எனக்கும் ஆராதனை இருக்கிறது. முடிந்ததும் வருகிறேன்" என்றார்.

வந்தார். ஆனால் ஞாயிறு அன்று அந்தப் பக்கம் ஜட்கா எதுவும் கிடைக்கவில்லை. சர்ச் வாசலில் அவர் நின்றிருந்தபோது, இரண்டாம் நடைக்குப் போன கலீல் பாய் கண்டுகொண்டார். "ஏறுங்கம்மா, அங்கதான் போறேன்" என்றார். இன்ஸ்பெக்ட்ரஸ் கூண்டுக்குள் ஏறினார். ஷரீபா அவரையும் பிள்ளைகளோடு சேர்த்து இடித்துத் தள்ளி, "காலை மடக்கி உக்காருங்க, இன்னும் நாலு வீடு இருக்கு" என்றார். யாரென்று அவருக்குத் தெரியும். வண்டியில் எல்லாரும் ஒன்றுதான்.

இப்படித் திரை போட்ட வண்டியில், மடியில் வஹீதாவோடு வந்து இறங்கினார் மிஸ் எப்சிபாய். பள்ளி நிறைந்திருந்தது. யாரும் பெருநாள் சட்டை போட்டிருக்கவில்லை. ஊசி நூலை மடியில் வைத்துக்கொண்டு, முக்காலிலிருந்து அரையைக் கழித்துக்கொண்டிருந்தார்கள்.

"இது தையல் வகுப்பு என்றார்களே?"

"கணக்கு முடிஞ்சதும் தைப்போங்கம்மா" என்றார் லூர்துராணி. "கணக்குக்கு நடுவுல எந்த வீட்லேருந்தும் கூப்பிட்டுடலாம். தையல்னா வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்க்கலாம்."

மதியம் சூசை, கறிக்குழம்பைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கே வந்துவிட்டார். மிஸ் எப்சிபாயும் சாப்பிட்டார். குழம்பு சூடாக இருந்தது.

போகும்போது அவர் எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை. "என்னால் சிபாரிசுதான் செய்ய முடியும். முடிவு கமிட்டியுடையது" என்றார். தர்மராஜ், கேட்காமலேயே ஓர் உதவி செய்தார். கமிட்டி தலைமை ஆசிரியையின் கருத்தை மறுபடி கேட்டபோது, இரண்டு பக்கத்துக்கு அதை லூர்துராணியிடமே எழுதி வாங்கி, ஒரு சொல்லும் மாற்றாமல் அனுப்பினார்.

அதன் பிறகும் நாலு வெள்ளிக்கிழமைகள் லூர்துராணி காலிப் பள்ளியில் உட்கார்ந்திருந்தார். விதி மாறும்வரை விதிதான். அவர் 1949 வரை அங்கே தலைமை ஆசிரியையாக இருந்தார். ஷரீபாவின் பேத்தி ஒருத்தி டிரெயினிங் முடித்து அதே பள்ளிக்கு உதவி ஆசிரியையாக வந்ததையும் பார்த்துவிட்டே ஓய்வு பெற்றார். ஒவ்வொரு ஜூன் மாதமும் வீடு வீடாகப் போய்த் தெருவின் பஞ்சாங்கத்தைக் கேட்டு வருவதை ஓர் ஆண்டும் விடவில்லை. அதெல்லாம் பின்னால்.

அந்த நாலாவது வெள்ளி காலை பதினோரு மணிக்குத் தபால்காரர் காத்தமுத்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பிள்ளையே இல்லாத ஸ்கூல்ல தனியா உக்காந்து என்னம்மா பண்றீங்க?"

"உங்களுக்காகத்தான் உக்காந்திருக்கேன் போலிருக்கு. கொடுங்க."

கடிதம் சிறியது. வார விடுமுறை, பள்ளி நேரம், பாட வரிசை ஆகிய மூன்றையும் இனி அந்தந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியரே, தம் ஆசிரியர்களைக் கலந்து முடிவு செய்யலாம், உடனே அமல். இந்தப் பள்ளிக்கு மட்டுமல்ல, கமிட்டியின் எல்லாப் பள்ளிகளுக்கும்.

லூர்துராணி அதை இரண்டு தரம் படித்தார். பிறகு எழுந்து, கரும்பலகையில் "இன்று விடுமுறை" என்று எழுதினார். படிக்க யாரும் இல்லை. ஜன்னலைச் சாத்தி, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பட்டப்பகலில் வீட்டுக்கு நடந்தார்.

கடிதம் வந்த நாள் 1934 ஆகஸ்டு 24, வெள்ளிக்கிழமை.